அலுவலகக் காபி: யாரிடம் கொடுப்பது?

யாருக்கும் போன் போட்டு கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு வாரம் எண்ணுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை எத்தனை காபி, எத்தனை டீ, எத்தனை பேர் சர்க்கரை இல்லாமல் கேட்கிறார்கள், எந்த நேரத்தில் கூட்டம். பேன்ட்ரி சுவரில் ஒரு தாளை ஒட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு, குடிக்கிறவர்களையே கோடு போடச் சொன்னால் போதும். நாலு பேர் மறப்பார்கள். மொத்தத்தில் பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எண்ணாமல் போனால், காபி கம்பெனி ஆள் கேட்கும் முதல் கேள்வியிலேயே கணக்கு அவர் கைக்குப் போய்விடும். "எத்தனை ஸ்டாஃப் சார்?" என்பார். 80 என்பீர்கள். தலைக்கு மூன்று கோப்பை என்று அவரே பெருக்கிக்கொண்டு, அதற்கேற்ற மெஷினும் அதற்கேற்ற கட்டாயக் கொள்முதலும் எழுதித் தருவார். 80 பேர் வேலை பார்க்கும் இடத்தில் பத்துப் பேர் காபியையே தொடமாட்டார்கள், பாதிப் பேர் டீ, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் தனி. ஆள் கணக்கு வேறு, கோப்பைக் கணக்கு வேறு.

மொத்தக் கோப்பையைவிட முக்கியம் பதினொரு மணிக் கூட்டம். "மணிக்கு இத்தனை கப் வரும்" என்று மெஷின் அட்டையில் போட்டிருப்பது, ஒருவரும் இடைவெளி விடாமல் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் வரும் கணக்கு. நடைமுறையில் ஒரு கோப்பை நிரம்ப 20 வினாடி. எடுத்துக்கொண்டு நகர்ந்து, அடுத்தவர் டம்ளரை வைத்து, எந்தப் பட்டன் என்று யோசித்து அழுத்த இன்னொரு 15 வினாடி. ஆக, இருபது நிமிடத்தில் 34 பேருக்குத்தான் காபி. வரிசையில் 50 பேர் நின்றால் மீதி 16 பேர் கீழே டீக்கடைக்குப் போவார்கள். கீழே போனவர் பத்து நிமிடத்தில் திரும்புவார் என்று எந்த மேனேஜரும் நம்புவதில்லை. கூட்ட நேரம் இப்படி இருந்தால் ஒரு பெரிய மெஷினைவிட இரண்டு சின்ன மெஷின்கள் மேல். ஒன்று படுத்தாலும் மற்றொன்று ஓடும்.

கையில் இருக்கும் வழிகள்

தமிழ்நாட்டில் அலுவலகத்துக்குக் காபி வரும் வழிகள் ஐந்து. தெருமுனைக் கடையிலிருந்து ஃபிளாஸ்கில் வருவது. அலுவலகத்திலேயே ஒருவரை வைத்து டிகாக்ஷன் இறக்கிப் போடுவது. பவுடர் போட்டால் வெந்நீர் கலந்து தரும் பிரீமிக்ஸ் மெஷின். பாக்கெட் பாலையும் டிகாக்ஷனையும் தனித்தனியே சூடாக வைத்துக் கலக்கும் ஃப்ரெஷ் மில்க் மெஷின். கொட்டையை அப்போதே அரைத்து இறக்கும் விலை கூடிய மெஷின். கடைசி வகையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அடிக்கடி வரும் இடத்துக்கு அது சரி. ஃபில்டர் காபி குடித்து வளர்ந்த ஊழியர்கள் இரண்டு வாரம் ஆசையாகக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா காபி மாதிரி இல்லை" என்பார்கள்.

இருபத்தைந்து பேருக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு மெஷினே வேண்டாம் என்பது என் கட்சி. பக்கத்துக் கடையோடு மாதக் கணக்கு வைத்துக்கொண்டால் காலை ஒரு ஃபிளாஸ்க், மாலை ஒரு ஃபிளாஸ்க், சூடு குறையாமல் வந்துவிடும். டெபாசிட் இல்லை, ஒப்பந்தம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் எதிர்க் கடை. ஒரே நிபந்தனை, ஃபிளாஸ்கை யார் கழுவுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். வாய் குறுகிய ஃபிளாஸ்க் என்றால் உள்ளே கை போகாது. வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்ப்பதோடு சரி. வாய் அகலமான எஸ்.எஸ். கேன் இரண்டை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

பிரீமிக்ஸ் மெஷினைக் காபி ரசிகர்கள் ஒரேயடியாகத் திட்டுவார்கள். எனக்கும் அதன் ருசியில் பிரியமில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் ஓடும் இடங்களில் அதுதான் சரி. விடிகாலை மூன்று மணிக்குப் பால் காய்ச்ச ஆள் வைக்க முடியாது, திறந்த பாக்கெட் பால் கெடும், டிகாக்ஷன் புளிக்கும், பவுடர் மட்டும் அப்படியே இருக்கும். பகலில் ஃப்ரெஷ் மில்க், இரவில் பிரீமிக்ஸ் என்று இரண்டையும் ஒரே கம்பெனியிடம் கேட்டு வாங்கலாம்.

பொட்டலத்தின் பின்பக்கம்

மாதிரிக்குக் கொண்டுவரும் காபிப் பொடி, பிரீமிக்ஸ் இரண்டின் பொட்டலத்தையும் கேட்டு வாங்கி, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எத்தனை சதவீதம் காபி, எத்தனை சதவீதம் சிக்கரி என்று பொட்டலத்தில் அச்சிட்டே ஆக வேண்டும். 80:20 என்று வாயால் சொல்லிவிட்டு 53:47 பொட்டலத்தைப் போடுவது சுலபம். சிக்கரி ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. விலை மலிவு, நிறம் அதிகம், காஃபீன் கிடையாது. டிகாக்ஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்குவதைப் பார்த்து "ஸ்ட்ராங்" என்று மயங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் கறுப்பில் பாதி சிக்கரி தந்தது. சிக்கரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கும்பகோணம் பழக்கத்தில் வளர்ந்த நாக்குக்குக் கொஞ்சம் சிக்கரி இல்லாமல் காபி நிறைவாக இருக்காது. ஆனால் 80:20க்கான விலையைக் கொடுத்தால் 80:20தான் வர வேண்டும். கொட்டேஷனில் விகிதத்தை எழுதச் சொல்லுங்கள்.

பிரீமிக்ஸ் பொட்டலத்தில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பெரும்பாலானவற்றில் முதலிடம் சர்க்கரைக்கு அல்லது பால் பவுடருக்கு, காபி எங்கோ கடைசியில். பால் இருக்கும் இடத்தில் தாவர எண்ணெயில் செய்த கிரீமர் இருந்தால் அதைப் பால் காபி என்று ஊழியர்களிடம் சொல்லாதீர்கள். எந்த அலுவலகத்திலும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். எல்லா டப்பாவிலும் சர்க்கரை கலந்த பவுடரையே போட்டுவிட்டு, "சர்க்கரை வேண்டாதவங்க பிளாக் காபி குடிக்கலாம்" என்று சொல்லும் கம்பெனியை அந்த இடத்திலேயே தள்ளிவிடலாம். சர்க்கரை இல்லாத டப்பா ஒன்று தனியாக வேண்டும்.

பாலும் தண்ணீரும்

ஃப்ரெஷ் மில்க் ஏற்பாட்டில் ஏமாற்று நடப்பது பெரும்பாலும் பாலில். முதல் கேள்வி, எந்தப் பால்? சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்தியதில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. காபிக்கு 4.5 நல்ல அளவு. 3 சதவீதப் பாலில் தண்ணீர் விடாமல் போட்டாலும் குற்றமில்லை. ஆனால் மாதிரி காட்டும் நாளில் நிறை கொழுப்புப் பாலில் கள்ளிச்சொட்டு மாதிரி போட்டுக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தம் ஆன பிறகு பாக்கெட்டின் நிறம் மாறுவதுண்டு. அதனால் கொட்டேஷனில் பாலின் வகையும் எழுத்தில் வர வேண்டும்.

அடுத்து அளவு. ஒரு கோப்பைக்கு 80 மில்லி பால் என்றால் 100 கோப்பைக்கு 8 லிட்டர், அதாவது 16 அரை லிட்டர் பாக்கெட். சாயங்காலம் குப்பைக்கூடையில் கிடக்கும் காலி பாக்கெட்டுகளை எண்ணுங்கள். 10 பாக்கெட்டுதான் இருக்கிறது, கோப்பை 100 போயிருக்கிறது என்றால் மீதி எங்கிருந்து வந்தது என்பது குழாய்க்குத் தெரியும். இதைத் தினமும் செய்ய வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் செய்தால் போதும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே பாதி சரியாகிவிடும்.

பாக்கெட் பால் 5 டிகிரிக்குள் குளிரில் இருக்க வேண்டும், காய்ச்சிய பால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூட்டில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். காலை ஏழு மணிக்கு வாசலில் இறக்கிய பால் ஒன்பது மணி வரை வெயிலில் கிடக்கிறதா? ஃபிரிட்ஜ் யாருடையது, உங்களுடையதா, கம்பெனியுடையதா? கரண்ட் போனால் மெஷினின் பால் தொட்டி எவ்வளவு நேரம் சூடு தாங்கும்? இந்த மூன்றையும் கேட்டால், எதிரே உட்கார்ந்திருப்பவர் விற்பனை ஆளா, வேலை தெரிந்தவரா என்று புரிந்துவிடும். காலையில் ஊற்றிய பாலை மாலை வரை சூட்டிலேயே வைத்திருந்தால் கெடாவிட்டாலும் ஏடு கட்டி, அடிபிடித்த வாடை வந்துவிடும். மதியத்துக்குப் பிறகு புதுப் பால், புது டிகாக்ஷன் என்பது நிபந்தனையாக இருக்கட்டும்.

தண்ணீரைப் பற்றிக் கம்பெனிக்காரர் கேட்கவே இல்லை என்றால் அவர்தான் பிறகு "உங்க தண்ணியில பாய்லர் போச்சு சார்" என்று பில் நீட்டுவார். சென்னையிலும் கோவையிலும் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோல் ஐ.எஸ். 10500. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்கிறது. காபிக்கு அது ஆகாது. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் 150ஐ ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறது. பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒன்று வாங்கி பேன்ட்ரி டிராயரில் போட்டு வையுங்கள். கடின நீரைக் கொதிக்க வைக்கக் கொதிக்க பாய்லரின் உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். சூடேற நேரமாகும், மின்சாரம் கூடும், ஒரு நாள் ஹீட்டர் காயில் எரியும். எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்கிறது. ஆர்.ஓ.வில் வடிகட்டி 20, 30க்கு இறக்கிய தண்ணீரில் டிகாக்ஷன் சப்பென்று இருக்கும். ஆர்.ஓ. மெஷினில் உப்பு அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்தால் சர்வீஸ் ஆளிடம் சொல்லி 100க்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். கேன் தண்ணீர் போடுகிறவர்கள் கேனுக்கான பணம் யார் கணக்கில் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மூடியைத் திறந்து பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கம்பெனியிடம் இப்போது அவர்கள் காபி போடும் மூன்று அலுவலகங்களின் பெயரைக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனவையாக இருக்கட்டும். அதில் ஒன்றுக்கு சாயங்காலம் நாலரை மணிக்குப் போங்கள். அங்கே அட்மின் அதிகாரி "நல்லா பண்றாங்க" என்பார். தேர்ந்தெடுத்தவரே அவர்தான், வேறென்ன சொல்வார்? பேன்ட்ரியில் நிற்கும் அக்காவிடம் பேச்சுக் கொடுங்கள். பேச்சு இப்படிப் போகலாம்:

"மெஷினை எப்பக்கா கழுவுவீங்க?"

"வெளிய நான் துடைப்பேன் சார். உள்ள எல்லாம் கம்பெனித் தம்பிதான் கழுவணும்."

"தம்பி எப்ப வருவாரு?"

"பவுடர் தீர்ந்தா போன் பண்ணுவோம். அப்ப வருவான்."

ஆக, பவுடர் தீரும்போதுதான் கழுவல். ஒரு மூட்டை பவுடர் மூன்று வாரம் வந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. அனுமதி வாங்கிக்கொண்டு முன்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். மேலே வரிசையாகப் பவுடர் டப்பாக்கள். ஒவ்வொன்றின் மூக்கிலிருந்தும் பவுடர் கீழே உள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் விழும், அங்கே வெந்நீர் வந்து சேரும். வெந்நீரின் ஆவி மேலே ஏறி அந்த மூக்கில் படிந்து, பவுடரைப் பழுப்பு மிட்டாயாக இறுக்கியிருக்கும். பார்க்க வேண்டிய முதல் இடம் அது. இரண்டாவது, கிண்ணத்துக்குப் பின்னால் சுற்றும் சின்ன விசிறி. அதன் அடியில் விரலை வைத்துப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் அது பால் கொழுப்பு. மூன்றாவது, கோப்பைக்கு வரும் ரப்பர் குழாய். கழற்றி முகர்ந்தால் போதும், புளித்த வாடை மறைக்க முடியாதது. அடித்தட்டை வெளியே இழுத்துப் பாருங்கள். தட்டு சுத்தமாக இருந்தாலும் தட்டுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். மெஷினின் மின்பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு அலுவலகத்தில் கிடையாது.

பளபளக்கும் தொடுதிரை, பன்னிரண்டு வகைப் பானம், கைபேசி ஆப் எல்லாம் வாங்குகிற நாளில் பேசப்படும். எட்டாவது மாதம் அதே மெஷினில் குடிக்கத் தகுந்த காபி வருவது அந்தத் தம்பி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், அவர் கையில் எத்தனை அலுவலகங்களைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கம்பெனியிடம் நேராகவே கேளுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின்? அவர் லீவு போட்டால் யார்? உங்கள் பகுதிக்கு ஆள் எங்கிருந்து கிளம்புகிறார்? அம்பத்தூரில் கிடங்கு வைத்துக்கொண்டு சிறுசேரியில் மெஷின் வைக்கிறவர் "ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போங்கள்.

கழுவும் அட்டவணையை மெஷின் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். தினமும் மாலை வெந்நீர் விட்டு அலசுவது பேன்ட்ரி ஆள் வேலை. வாரம் ஒருமுறை கிண்ணம், விசிறி, குழாய் கழற்றிக் கழுவுவது கம்பெனி ஆள் வேலை. பால் தொட்டி உள்ள மெஷினுக்கு வாரம் போதாது, தினமும் இரவு காலி செய்து கழுவியாக வேண்டும். தேதி, கையெழுத்து, நேரம். கையெழுத்துகள் எல்லாம் ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டது மாதிரி இருந்தால் உங்களுக்கே தெரியும்.

காகிதங்கள்

உணவுப் பாதுகாப்பு உரிமம் 14 இலக்க எண். கொட்டேஷனிலேயே அந்த எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து பில்லிலும் அச்சிடுவது கட்டாயம். எண்ணை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளத்தில் போட்டால் யார் பெயரில், எந்த முகவரிக்கு, எது வரை செல்லும் என்று வரும். பவுடர் தயாரிப்பவரின் எண்ணைக் காட்டிவிட்டு "இதான் சார் லைசென்ஸ்" என்பவர்கள் உண்டு. அது பொட்டலத்துக்கான உரிமம். உங்களுக்குக் காபி போடுகிறவரின் உரிமம் தனி. ஆள் வைத்துக் காபி போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு என்றால் அந்த ஆளுக்கு வருடாந்திர மருத்துவத் தகுதிச் சான்றும் டைஃபாய்டு தடுப்பூசியும் கேளுங்கள்.

கோப்பை விஷயத்தில் நிறைய அலுவலகங்கள் தெரியாமலேயே விதியை மீறுகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் இருக்கிறது. "கப் இலவசம் சார்" என்று கம்பெனி தருவது பெரும்பாலும் அதைத்தான். வெந்நீர் பட்டால் அந்தப் பூச்சிலிருந்து நுண்துகள்கள் பானத்தில் கலக்கின்றன என்று ஐ.ஐ.டி. கரக்பூர் ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். எவர்சில்வர் டம்ளர் வாங்கி வையுங்கள், கழுவ ஆள் போடுங்கள். காபியும் அதில்தான் நன்றாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே டம்ளர், ஒரே காபி. வாசல் செக்யூரிட்டிக்கும் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் தனி டம்ளர் ஒதுக்கிவைக்கும் அலுவலகங்களைக் கண்ணாடிக் கட்டிடங்களிலும் பார்க்கலாம். இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடிய மாநிலத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை எண்ணிக்கையில் அவர்களையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

கணக்கு

மூன்று விதமாக விலை சொல்வார்கள். மாத வாடகை போக பவுடருக்குத் தனி. மெஷின் இலவசம், மாதம் இத்தனை கிலோ கட்டாயம். அல்லது கோப்பைக்கு இவ்வளவு. ஒப்பிடுவதற்கு எல்லாவற்றையும் ஒரு கோப்பை விலையாக மாற்றுங்கள், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து. உணவு, பானங்களுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறுவதை ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது. சட்டப்படி ஊழியர்களுக்குக் கட்டாயம் தரவேண்டிய இடங்களுக்குத்தான் விலக்கு. ஆகவே வரியும் உங்களுக்குச் செலவுதான். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரீமிக்ஸில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பைக்கு எத்தனை கிராம் பவுடர் விழ வேண்டும் என்பதை மெஷினுக்குள் வினாடிக் கணக்கில் வைக்கிறார்கள். வைப்பவர் பவுடர் விற்கிறவரின் ஆள். கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 கிராம் விழுந்தால் கிலோவுக்கு 71 கோப்பை, கோப்பை 5 ரூபாய் 63 காசு. யாரும் கேட்காமல் அதை 16 கிராம் ஆக்கினால் 62 கோப்பை, 6 ரூபாய் 45 காசு. காபி கொஞ்சம் திக்காக இருப்பதால் எல்லாரும் பாராட்டுவார்கள், பில் மட்டும் ஏழில் ஒரு பங்கு ஏறியிருக்கும். சரிபார்ப்பது எளிது. சமையலறைத் தராசில் பவுடர் டப்பாவை எடை போட்டு மாட்டுங்கள், 20 கோப்பை எடுங்கள், மறுபடி எடை போடுங்கள். 14 கிராம் என்றால் 280 கிராம் குறைந்திருக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வந்து போன மறுநாள் இதைச் செய்வது விசேஷம்.

"மெஷின் இலவசம்" என்பதில் இலவசம் எதுவும் இல்லை. மாதம் 20 கிலோ கட்டாயம் என்றால் 14 கிராம் கணக்கில் சுமார் 1,400 கோப்பை. 40 பேர், ஆளுக்கு இரண்டு, 22 நாள் என்றால் 1,760. தாண்டிவிடும். ஆனால் இந்த 40 பேரில் பாதி டீ குடிக்கிறவர்கள், டீ பவுடர் வேறு கணக்கு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 880தான் வரும். தீராத பவுடர் அலமாரியில் சேர்ந்துகொண்டே போகும். கட்டாயக் கொள்முதலை மாதத்துக்கு என்று வைக்காமல் மூன்று மாதச் சராசரி என்று வையுங்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையையெல்லாம் அது சரிக்கட்டும். காபியும் டீயும் சேர்ந்த மொத்த எடை என்று எழுதச் சொல்லுங்கள்.

விலையேற்ற நிபந்தனையில் கவனம் வேண்டும். 2024லும் 2025 தொடக்கத்திலும் உலகச் சந்தையில் ரொபஸ்டா, அராபிகா இரண்டும் அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போயின. நம் ஊர்ப் பொடி விலையும் கூடவே ஏறியது. வருடம் முழுவதும் ஒரே விலை என்று அடித்துப் பேசினால் கம்பெனி தலையாட்டிவிட்டு சிக்கரியைக் கூட்டும், பாலில் தண்ணீரைக் கூட்டும். 30 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு, பொடி வாங்கிய பில்லின் நகல், ஏற்றத்துக்கு ஒரு வரம்பு. இந்த மூன்றும் இருந்தால் நியாயமான ஏற்றத்தை ஒத்துக்கொள்வதே லாபம். அதே போல் நீங்களும் பணத்தை நேரத்துக்குக் கொடுங்கள். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். மூன்று மாதப் பாக்கி வைத்துக்கொண்டு "தம்பி ஏன் வரலை" என்று கேட்பதில் அர்த்தமில்லை.

ஒத்திகையும் ஒப்பந்தமும்

இரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டிடமும் இரண்டு வார ஒத்திகை கேளுங்கள். முதல் வாரம் எல்லாரும் ஒழுங்காகத்தான் போடுவார்கள். இரண்டாம் வாரம் புதன், வியாழனில் வரும் காபிதான் உங்கள் காபி. ருசி பார்க்க மேனேஜர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். டீ மட்டும் குடிப்பவர், சர்க்கரை தொடாதவர், வீட்டில் ஃபில்டர் போட்டுக் குடித்துவிட்டு வருபவர், இரவு ஷிஃப்டில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மெஷின் வைக்கும் இடத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். ஹீட்டர் இழுக்கும் மின்சாரத்தைச் சின்ன பாயின்ட் தாங்காது. கேன்டீன் வாசலிலேயே மெஷினை வைக்காதீர்கள் என்பது கூடுதல் யோசனை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி. கண்ணில் பட்டால் யார் விடுவார்கள்?

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். பழுது என்று சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள், சரியாகாவிட்டால் எந்த நாளுக்குள் மாற்று மெஷின். தவறினால் அந்த நாளின் வாடகை கழிவு. வெளியிலிருந்து காபி வாங்கிய செலவும் அவர்கள் கணக்கில். ஹீட்டர், மோட்டார், பம்ப் ஆகியவை யார் பொறுப்பு? "தண்ணீரால் ஏற்படும் பழுது நீங்கலாக" என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், அல்லது மெஷின் வைத்த நாளில் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கட்டாயக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடக் கட்டாயம் கேட்பவர் மெஷினின் விலையை உங்களிடமிருந்தே எடுக்கக் கணக்குப் போட்டிருக்கிறார்.

டெபாசிட்டைத் திரும்ப வாங்குவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மெஷினை வாங்கி வைக்கும் நாளிலேயே நாலு பக்கமும் உள்பக்கமும் போட்டோ எடுத்து, சீரியல் எண்ணோடு கம்பெனிக்கு மெயிலில் அனுப்பிவிடுங்கள். திரும்பக் கொடுக்கும் நாளில் பவுடர் டப்பாக்களைக் காலி செய்து, அவர்கள் ஆளின் முன்னால் ஒரு கோப்பை வெந்நீர் வரவைத்துக் காட்டி, "ஓடும் நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி வாங்கிய பிறகு மட்டும் லிஃப்டில் ஏற்ற விடுங்கள். பிரிக்காத பவுடர் பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எந்த விலைக்கு என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். டெபாசிட் 15 நாளில் வர வேண்டும். கடைசி மாத பில்லை அது வந்த பிறகு கொடுப்பதாக முதல் நாளே எழுதிக்கொண்டால், இருவருக்கும் போன் செலவு மிச்சம்.